குட்வில் என்ன விலை?

கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போன உதவி இயக்குநர்களைக் கேட்டுப் பாருங்கள். விடிய விடியச் சொல்வார்கள். காபி வாங்கிக் கொடுத்து, 'பிரமாதம் தம்பி, இடைவேளைக்குப் பிறகு என்ன ஆகுது?' என்று கேட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்று வழியனுப்பி வைப்பார்கள். அப்புறம் போன் வராது. ஆறு மாதம் கழித்து சுவர் போஸ்டரைப் பார்த்துத்தான் கதைக்குக் கல்யாணமே ஆகிவிட்ட விஷயம் பெற்றவனுக்குத் தெரியும்.

சினிமாக்காரர்கள்தான் இப்படி என்று நினைத்தால் அது தப்பு. கோட்டும் டையும் போட்ட கம்பெனிகளும் இதே ரகம்தான். 2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் செய்த ஒரு காரியம் அமெரிக்கப் பத்திரிகைகளில் சில நாள் அடிபட்டு அமுங்கிப்போனது. அமுங்கவிடக் கூடாத விஷயம் என்பதால் இங்கே எடுக்கிறேன்.

கதை புரிய, முதலில் ஒரு கேள்வி. உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு இலவச சாஃப்ட்வேர் போட வேண்டும். படம் பார்க்க விஎல்சி என்றே வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? கூகுளில் தேடுவீர்கள். வந்து நிற்கும் பத்து இணைப்புகளில் எது அசல், எது டூப்ளிகேட்? உள்ளே போனால் ஒரே பக்கத்தில் மூன்று டவுன்லோடு பட்டன். அதில் இரண்டு விளம்பரம். தப்பானதை அழுத்தினால், கேட்காத டூல்பாரும் கேட்காத தேடுதளமும் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். பெரிய தளங்களே இந்தத் திருவிளையாடலைச் செய்திருக்கின்றன. ஓப்பன் சோர்ஸ்காரர்களின் கோயில் என்று ஒரு காலத்தில் கும்பிடப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், ஜிம்ப் என்ற இலவசப் பட சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலரில் விளம்பரச் சரக்கைச் சுற்றிக் கொடுத்து 2015-ல் மாட்டிக்கொண்டது. ஜிம்ப் ஆட்கள் 2013-லேயே 'உங்க சகவாசமே வேண்டாம்' என்று அந்தத் தளத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். அவர்கள் காலி செய்த வீட்டில் அவர்கள் பெயர்ப் பலகையையே மாட்டி வியாபாரம்!

இந்தத் தலைவலிக்கு மருந்து எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. லினக்ஸ் உலகில் டெபியன்காரர்கள் 1990-களின் இறுதியிலேயே 'ஆப்ட்-கெட்' என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே ஒரு வரி டைப் அடித்தால் போதும், கேட்ட சாஃப்ட்வேர் தானாக வந்து இறங்கி, தானாக உட்கார்ந்துகொள்ளும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கு 2009-ல் 'ஹோம்ப்ரூ' வந்தது. ஆப்பிள் செய்ததல்ல, வெளி ஆட்கள் ஊருக்காகச் செய்தது. விண்டோஸுக்கு 2011-ல் 'சாக்லேட்டி' வந்தது. அதுவும் வெளி ஆட்கள்தான். கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடும் விண்டோஸை விற்று சம்பாதிக்கும் மைக்ரோசாஃப்ட் மட்டும் இதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

அந்த வெளி ஆட்களில் ஒருவர்தான் கேவன் பெய்கி. கனடாக்காரர். 'ஆப்கெட்' என்று விண்டோஸுக்கு ஓர் இலவச, ஓப்பன் சோர்ஸ் இன்ஸ்டாலரைக் கட்டினார். அது வேலை செய்யும் விதம் மளிகைக் கடை அண்ணாச்சி மாதிரி. நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அண்ணாச்சி கள்ளச் சரக்கு விற்பவனிடம் போகாமல், நேராக மில்லுக்கே போய் மூட்டையை எடுத்து, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு குறிப்புச் சீட்டு. அசல் எங்கே கிடைக்கும், என்ன வெர்ஷன், வந்த சரக்கு அசல்தானா என்று சரிபார்க்கும் எண் என்ன, இன்ஸ்டாலரை எப்படி சத்தமில்லாமல் ஓட்ட வேண்டும்... எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். கேட்க சுலபம். ஒவ்வொரு முறை புது வெர்ஷன் வரும்போதும் சீட்டைத் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான சாஃப்ட்வேர், நூற்றுக்கணக்கான சீட்டு. திருத்தினால் ஒருவரும் நன்றி சொல்ல மாட்டார்கள். திருத்தாவிட்டால் மட்டும் திட்ட வருவார்கள்.

2019 ஜூலையில் மைக்ரோசாஃப்டிலிருந்து பெய்கிக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் விண்டோஸ் பிரிவில் உயர் மேலாளர். உங்கள் வேலையை சுலபமாக்க நாங்கள் என்ன செய்யலாம் என்று பேசுவோமா, என்கிற ரீதியில் விசாரிப்பு. பெய்கிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. யாருக்குத்தான் தாங்கும்? வான்கூவரில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்தில் சந்திப்பு. விண்டோஸில் இன்றைய முறைகளில் எது உருப்படி, எது உதவாது, எப்படிச் செய்தால் சரியாக வரும் என்று மனம்விட்டுப் பேசினார். பிறகு மெயில்கள். பிறகு 'எங்களிடமே வந்துவிடுங்களேன்' என்ற பேச்சு. டிசம்பர் மாதம் ரெட்மாண்ட் தலைமையகத்தில் நாள் முழுக்க இன்டர்வியூ.

அதோடு சரி. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. கிட்டத்தட்ட ஆறு மாதம் பேச்சு மூச்சு இல்லை. 2020 மே 18-ம் தேதி அதே மேலாளரிடமிருந்து ஒரு மெயில். வேலை விஷயம் கைகூடவில்லை. உங்கள் யோசனைகளுக்கு நன்றி. நாங்களே ஒரு இன்ஸ்டாலரை வெளியிடப் போகிறோம். எப்போது? நாளைக்கு!

மறுநாள், மே 19. மைக்ரோசாஃப்டின் வருடாந்தர மாநாட்டில் 'விங்கெட்' அறிமுகமானது. பெய்கி அதைத் திறந்து பார்த்தார். குறிப்புச் சீட்டின் அமைப்பு, கலைச்சொற்கள், சீட்டுகளை அடுக்கிவைக்கும் முறை என்று எல்லாமே தெரிந்த முகமாக இருந்தது என்று எழுதினார். கம்பெனியின் அறிவிப்பில் ஆப்கெட் என்ற பெயர் வந்ததா என்றால் வந்தது. இன்னும் பல இன்ஸ்டாலர்களோடு சேர்த்து, போகிற போக்கில், ஒரே ஒரு இடத்தில். கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று போடுவோமே, அந்த மாதிரி.

பெய்கி என்ன செய்தார்? வழக்குப் போடவில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதினார். ஆப்கெட்டை 2020 ஆகஸ்ட் 1-ம் தேதியோடு மூடுகிறேன் என்று அறிவித்தார். விண்டோஸின் சொந்தக்காரனே கடை திறந்துவிட்ட பிறகு எதிர்க் கடையில் யார் வந்து நிற்பார்கள்?

இங்கேதான் ஒரு கூட்டம் எழுந்து நின்று கேட்கும். 'சார், அது ஓப்பன் சோர்ஸ். எடுத்துக்கோ என்று அவரே திறந்து வைத்ததுதானே? எடுத்துவிட்டார்கள். இதில் என்ன புலம்பல்?'

புலம்பலே இல்லை என்பதுதான் விஷயம். என் கோடுகளை எடுத்தால் எனக்கு வருத்தமில்லை, அதற்காகத்தான் திறந்து வைத்தேன் என்று பெய்கியே சொல்லிவிட்டார். அதுவும் விங்கெட் வேறு கம்ப்யூட்டர் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. வரிக்கு வரி காப்பி என்று யாரும் சொல்லவில்லை. ஐடியாவுக்குக் காப்பிரைட் கிடையாது என்பதும் சட்டம் படிக்காதவர்களுக்கே தெரியும். அதனால் மைக்ரோசாஃப்ட் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

ஆனால் சட்டப்படி தப்பில்லாத அயோக்கியத்தனம் என்று ஒரு ஜாதி உண்டு. பந்தி போட்டவர் 'எல்லாரும் வாங்க' என்றுதான் கூப்பிட்டார். வயிறார சாப்பிடலாம், தப்பில்லை. சாப்பிட்டுவிட்டு வாசலில் வந்து நின்று 'இன்னைக்கு விருந்து நம்ம உபயம்' என்று போர்டு மாட்டினால்?

எல்லாரும் எல்லாரிடமும்தான் கற்றுக்கொள்கிறார்கள், பெய்கி மட்டும் என்ன சுயம்புவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரும் டெபியன்காரர்களிடம் கற்றவர்தான். ஆப்ட்-கெட், ஆப்கெட் - பெயரைப் பாருங்கள். யாரிடம் படித்தேன் என்பதைத் தன் சாஃப்ட்வேரின் பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார். குருதட்சிணை என்பது இதுதான். காசு ஒரு பைசா செலவில்லை.

காசு என்றதும் என்னுடைய பழைய பி.காம். பாடம் ஞாபகத்துக்கு வருகிறது. கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒரு ஐட்டம். தமிழில் நற்பெயர் என்று போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் சொத்து. இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. நீங்களாக உழைத்து, பல வருடம் நாணயமாக நடந்து சம்பாதித்த நற்பெயரை உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. அதன் மதிப்பு பூஜ்யம். வேறொருவன் உங்கள் வியாபாரத்தை விலைக்கு வாங்கும்போது, மேஜை நாற்காலி மதிப்புக்கு மேலே கொடுக்கிறானே ஒரு தொகை, அது அவன் புத்தகத்தில் குட்வில் என்று ஏறும். சம்பாதித்தவனுக்கு பூஜ்யம், வாங்கியவனுக்கு சொத்து!

இப்போது இதைப் பாருங்கள். 2018-ல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப் என்ற தளத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. கிட்ஹப் என்பது என்ன? உலகம் முழுக்க உள்ள ப்ரோகிராமர்கள், பெரும்பாலும் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்து எழுதியதை ஊருக்குத் திறந்து வைக்கும் இடம். அந்த 750 கோடியில் சுமார் 550 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் தன் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதியது தெரியுமா? குட்வில்! கட்டடத்துக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு அல்ல. அந்தத் தளத்தில் ஆட்கள் வந்து நம்பிக்கையோடு உழைக்கிறார்கள் என்பதற்கு இந்த விலை. பெய்கியின் ஆப்கெட்டும் அந்தத் தளத்தில்தான் இருந்தது. மொத்தமாகக் கூட்டத்துக்கு 550 கோடி டாலர் நற்பெயர் மதிப்புப் போட்ட கம்பெனி, கூட்டத்தில் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தபோது அவருக்குப் போட்ட மதிப்பு, ஆறு மாத மௌனம்.

பத்திரிகைகளில் வந்த பரபரப்பில் பலர் இதைத் 'திருட்டு' என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை பொருத்தமாகப் படவில்லை. இது சம்பள பாக்கி. ஓப்பன் சோர்ஸில் உழைக்கிற மனிதனுக்குச் சம்பளம் கிடையாது, ராயல்டி கிடையாது, பி.எஃப். கிடையாது. 'இதை இன்னார் செய்தார்' என்ற ஒரு வரிதான் கூலி. அந்த வரியை வைத்துத்தான் அடுத்த வேலை, அடுத்த வாய்ப்பு, ஊரில் நாலு பேர் மதிப்பு. அதையும் கொடுக்காமல் விட்டால் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். கம்பெனி பெரிதாக இருந்தால் பாக்கி சின்னதாகிவிடாது.

மைக்ரோசாஃப்டுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி இருந்தது. ஹார்டு டிஸ்கில் இருப்பதைச் சுருக்கி, இடத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் சாஃப்ட்வேர் அவர்களுடையது. மைக்ரோசாஃப்ட் அவர்களோடு லைசென்ஸுக்குப் பேச்சுவார்த்தை நடத்தியது. படியவில்லை. 1993-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 6-ல் பார்த்தால் அதே வேலையைச் செய்யும் வசதி உள்ளேயே இருந்தது. ஸ்டாக் வழக்குப் போட்டது. 1994-ல் ஜூரி, பேட்டன்ட் மீறலுக்காக 12 கோடி டாலர் கொடு என்றது. (எதிர்வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கும் கொஞ்சம் கிடைத்தது. பிறகு இரண்டு பேரும் சமரசமாகப் போனார்கள்.) ஸ்டாக்கிடம் பேட்டன்ட் இருந்தது, வக்கீல் இருந்தார். பெய்கியிடம் இரண்டும் இல்லை. வேலி போடாதவன் தோட்டம் என்பதால்தான் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்திருக்க வேண்டும்.

ஆப்பிள் மட்டும் யோக்கியமா? 2002-ல் 'வாட்சன்' என்று ஒரு சின்ன கம்பெனி விற்றுக்கொண்டிருந்த சாஃப்ட்வேரின் வேலைகளையெல்லாம் தன் 'ஷெர்லாக்' சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்து வாட்சனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அன்றிலிருந்து அந்த ஊரில் 'ஷெர்லாக் பண்ணிட்டாங்க' என்று ஒரு வினைச்சொல்லே உருவாகிவிட்டது. ஒரு தொழிலில் ஒரு அக்கிரமத்துக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படுகிறது என்றால், அது எத்தனை முறை நடந்திருக்க வேண்டும்!

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விங்கெட் நல்ல சரக்கு. அதையும் ஓப்பன் சோர்ஸாகத்தான் வெளியிட்டார்கள். விண்டோஸ் 11-ல் கூடவே வருகிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் விஎல்சி வந்து உட்கார்ந்துவிடும். டூல்பார் தொல்லை இல்லை, போலி பட்டன் இல்லை. இத்தனை வருடம் கழித்தாவது விண்டோஸ்காரர்களுக்கு விடிவு பிறந்தது என்று சந்தோஷப்படலாம். நானும் படுகிறேன். 2001-ல் இந்தக் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். அங்கிருந்து தன் சொந்த சாஃப்ட்வேரைத் திறந்து வைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரிய மாற்றம்தான்.

அந்த மாற்றம்தான் எனக்குக் கவலையாகவும் இருக்கிறது. எதிரியாக இருந்தபோது ஜாக்கிரதையாக இருந்தார்கள். இப்போது சிநேகிதன். மெயில் வந்தால் மனம் மலர்கிறது, கூப்பிட்டால் கிளம்பிப் போகிறார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள். இனிமேல் அடுத்த பெய்கிக்கு அப்படி ஒரு மெயில் வந்தால் என்ன செய்வார்? பக்கத்தில் ஒரு வக்கீலை உட்கார வைத்துக்கொள்வார். இல்லை, வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் எதற்குத் திறந்த சாஃப்ட்வேர், திறந்த மனசு என்றெல்லாம் பேச்சு?

'பெரிய கம்பெனியில் ஆயிரம் நடைமுறை சார், வெளியிடாத விஷயத்தைப் பற்றி வெளி ஆளிடம் பேச சட்டப் பிரிவு விடாது' என்று என்னிடமே ஒரு சாஃப்ட்வேர் நண்பர் வாதாடினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'வேலைக்கு உங்களை எடுக்கவில்லை' என்று சொல்ல எந்தச் சட்டப் பிரிவு தடுத்தது? ஜனவரியில் இரண்டு வரி மெயில். ஆலோசனை கேட்ட நாட்களுக்கு ஆலோசகருக்கான ஃபீஸ். அறிமுக மேடையில் ஒரு வாக்கியம். இந்த மூன்றும் சேர்ந்து, அந்த மாநாட்டுக்கு டிசைன் பண்ணிய செலவில் தூசுகூட இல்லை.

பெய்கியின் கட்டுரை ஊரெல்லாம் சுற்றி, பத்திரிகைகள் எடுத்துப் போட்டுக் கேள்வி கேட்ட பிறகு, ஜூன் தொடக்கத்தில் அந்த மேலாளர் கம்பெனியின் சார்பில் எழுதினார். பெய்கி விஷயத்தில் நாங்கள் நடந்துகொண்டது எங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆப்கெட்டிலிருந்து விங்கெட் என்னென்ன எடுத்துக்கொண்டது என்று பட்டியலும் போட்டார்: இன்ஸ்டால் செய்யும்போது இஷ்டத்துக்கு ஸ்கிரிப்ட் ஓடவிடாமல் இருப்பது, கிட்ஹப்பில் விரிவான குறிப்புச் சீட்டு, விண்டோஸின் எல்லா வகை இன்ஸ்டாலருக்கும் இடம், தடங்கலில்லாத அப்டேட். நாலு விஷயம், சுத்தமாக, வரிசையாக.

இந்தப் பட்டியல் மே 19-ம் தேதியே அவர்கள் கையில் இருந்தது.